பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஸ்கூட்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உட்கார்ந்து செல்லும் மின் ஸ்கூட்டர் ஒன்றின் இருக்கைக்கு அடியைத் திறந்து பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே கையடக்கமான பெட்டி ஒன்று இருக்கும். இதன் பெயர் கன்ட்ரோலர். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதில் பதிந்து வைத்த ஒரு புரோகிராம். ஓட்டுபவரின் விரல் அசைவைப் படித்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதை நொடிக்குப் பல முறை அது முடிவு செய்கிறது. நம் விரல் கொடுப்பது கட்டளை மட்டுமே. அந்தக் கட்டளையைப் பெட்டி எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது தெரிந்துவிட்டால், இந்த வண்டியில் நேரும் விபத்துகளில் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். 1968-ல் ஆலன் தீம் என்னும் பிளம்பர், நரம்பு நோயால் நடமாட்டம் குறைந்த தன் குடும்பத்தார் ஒருவருக்காக முதல் வண்டியைச் செய்தார். 'அமிகோ' என்று பெயரிட்டார். ஸ்பானிய மொழியில் நண்பன் என்று பொருள். நம் பக்கம் இவ்வண்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் வழியாகவே வருகின்றன. குமராட்சியில் எங்கள் வீட்டிற்கும் அப்படித்தான் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகன் அப்பாவுக்காக அனுப்பி வைத்தார். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, வாசலிலிருந்து டீக்கடை வரை போவதற்கே இரண்டு இடங்களில் உட்கார வேண்டியிருந்தது. இந்த வண்டி கிடைக்காவிட்டால் அவருடைய உலகம் திண்ணையோடு முடிந்திருக்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் 'மூணு சக்கர வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும், பின்னால் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒரு வகை. ஜாய்ஸ்டிக் வைத்த பேட்டரி சக்கர நாற்காலி இன்னொரு வகை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021-ல் வெளிவந்த 'நியோபோல்ட்' மூன்றாவது வகை. சக்கர நாற்காலியின் முன்புறம் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இணைப்பு இது. மணிக்கு 25 கி.மீ. வரை போகும். நான் இங்கு எழுதுவது இவை மூன்றும் அல்லாத நான்காவது வகை பற்றி. தாழ்வான மேடை, சுழலும் இருக்கை, முன்னால் ஒரு ஸ்டீயரிங் தண்டு, மணிக்கு 6 முதல் 12 கி.மீ. வேகம். 24 வோல்ட் பேட்டரியில் ஓடுவது.

விரலும் பிரேக்கும்

ஸ்டீயரிங் கைப்பிடிக்குக் கீழே இருபுறமும் நீளும் ஒரு லீவர் உண்டு. பல வண்டிகளில் வலப்பக்கம் அழுத்தினால் முன்னே போகும், இடப்பக்கம் அழுத்தினால் பின்னே போகும். விட்டுவிட்டால் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், வண்டியும் நிற்கும். கவனியுங்கள்: நிற்பதற்கென்று எதையும் அழுத்த வேண்டியதில்லை. பல மாடல்களில் தனியாகக் கை பிரேக்கே கிடையாது.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கைகளுக்கு இது நேர் எதிரான பாடம். அப்பா முப்பது ஆண்டுகள் டி.வி.எஸ். 50 ஓட்டியவர். அதில் லீவரை இறுக்கிப் பிடித்தால் வண்டி நிற்கும். சைக்கிளிலும் அப்படியே. ஆபத்து வரும்போது கை இறுகுவது மூளையைக் கேட்டு நடப்பதில்லை. வண்டி வந்த மூன்றாம் நாள் தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடி வந்தது. அப்பா பழக்கத்தில் லீவரை இறுக்கிப் பிடித்தார். வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சீறிக்கொண்டு போய் எதிர்வீட்டு வைக்கோல் போரில் மோதியது. ஆட்டுக்குட்டிக்கும் ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. இறங்கியதும் அவர் சொன்னது: "இது டி.வி.எஸ்.சுக்கு நேர் மாறால்ல இருக்கு, தம்பி." வைக்கோல் போர் இருந்த இடத்தில் ஒரு மின்கம்பமோ வாய்க்காலோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

எனவே இரு சக்கர வாகனம் ஓட்டிப் பழகிய யாருக்கும் இந்த வண்டியைக் கொடுக்கும் முன் கையின் பழக்கத்தை மாற்ற வேண்டும். நாங்கள் செய்தது இதுதான். கைப்பிடிக்கு அருகில் ஒரு வேகக் குமிழ் இருக்கும். அதன் ஒரு முனையில் ஆமைப் படம், மறு முனையில் முயல் படம். குமிழை ஆமைப் பக்கமே வைத்துக்கொண்டு, நெல் அடிக்கும் களத்தில் அப்பாவை ஓட்டச் சொன்னோம். நான் திடீரென்று "விடுங்கப்பா" என்று கத்துவேன்; அவர் விரல்களை விரித்துக் கையை லீவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை. நான்காம் நாளிலிருந்து கத்துவதை நிறுத்திவிட்டு, அவருக்கு முன்னால் ஒரு பந்தை உருட்டிவிட்டேன். பந்தைப் பார்த்ததும் கை விரிகிறதா என்பதுதான் பரீட்சை. ஒரு வாரம் பிடித்தது. அதுவரை தெருவில் இறங்கவில்லை.

விட்டதும் வண்டி எப்படி நிற்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கன்ட்ரோலர் முதலில் மோட்டாரையே ஜெனரேட்டர் போல வேலை செய்ய வைத்து வேகத்தைக் குறைக்கிறது. வண்டி நின்றபின் மோட்டாரின் முனையில் இருக்கும் மின்காந்த பிரேக் 'டக்' என்ற ஒலியுடன் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. இந்த பிரேக் மின்சாரம் இருந்தால் விலகும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் விசையால் பிடிக்கும். பேட்டரி தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் வண்டி நிற்கவே செய்யும். இதே காரணத்தால்தான் ஓடும்போது சாவியை அணைக்கக் கூடாது. மெதுவாகக் குறையும் கட்டம் இல்லாமல் பிரேக் ஒரேயடியாகப் பிடிக்கும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படலாம்.

இந்தப் பாதுகாப்பை முழுவதுமாக நீக்கும் ஒரு கம்பி பின்சக்கரத்தின் அருகே இருக்கிறது. ஃப்ரீவீல் லீவர் என்பார்கள். பேட்டரி தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால் இதை இழுத்து பிரேக்கை விடுவிக்கலாம். அப்படி விடுவித்த நிலையில் வண்டிக்கு பிரேக்கே இல்லை. சரிவில் நிறுத்தி, இந்த லீவர் விலகிய நிலையில் ஒருவரை உட்கார வைத்தால் வண்டி தானே உருண்டுவிடும். தெருப் பிள்ளைகளுக்கு இந்த லீவரின் மேல் தனி ஆசை. ஏறும் முன் குனிந்து அதைப் பார்ப்பது ஓட்டுபவருக்குச் சிரமம் என்பதால், வண்டியைக் கையால் ஒரு முறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நகரக் கூடாது.

ஏறும்போதும் இறங்கும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும், இருக்கை நேராகப் பூட்டியிருக்க வேண்டும். காரணம் சாதாரணமானது. தோளில் கிடக்கும் துண்டோ, அம்மாக்களின் முந்தானையோ லீவரில் சிக்கினால் அதுவும் கன்ட்ரோலருக்கு ஒரு கட்டளைதான். விரலா துணியா என்று பிரித்துப் பார்க்க அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது.

வளைவில் கவிழ்வது ஏன்?

மூன்று சக்கர வண்டியா, நான்கு சக்கர வண்டியா என்று பலர் கேட்கிறார்கள். மூன்று சக்கர வண்டி சிறிய இடத்தில் திரும்பும், கால் நீட்ட இடம் அதிகம். ஆனால் தரையில் சக்கரங்கள் தொடும் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துப் பாருங்கள்; ஒரு முக்கோணம் கிடைக்கும். உட்கார்ந்திருப்பவரின் எடை இந்தக் கோட்டுக்கு உள்ளே விழும்வரைதான் வண்டி நிற்கும். முன்னே போகப் போக முக்கோணம் குறுகுகிறது. குனிந்து முன்னால் சாய்ந்தபடி திரும்பினால் எடை எளிதில் கோட்டைத் தாண்டிவிடும். நான்கு சக்கரத்தில் அது செவ்வகம் என்பதால் கூடுதல் இடம் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஓட்டுபவருக்கு மூன்று போதும். எங்கள் ஊர்ச் சாலைகளுக்கு நான் நான்கைத்தான் சொல்வேன்.

திரும்பும்போது வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் திரும்புவதை 4 ஆகக் குறைத்தால் அந்த விசை பாதியாக அல்ல, நான்கில் ஒரு பங்காகக் குறையும். வளைவுக்கு முன்பே விரலைத் தளர்த்த வேண்டும், வளைவின் நடுவில் அல்ல. புதிய மாடல்கள் சிலவற்றில் ஸ்டீயரிங் திரும்பியதும் கன்ட்ரோலரே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கூடை, கண்ணாடி, கப் ஹோல்டர் ஆகியவற்றைவிட இது முக்கியம்.

மேடு ஏறும்போது கவிழ்வது பின்புறமாக. பின்னால் சிறிய தடுப்புச் சக்கரங்கள் இரண்டு இருப்பது இதற்காகத்தான். அழகாக இல்லை என்று அவற்றைக் கழற்றி வைத்த ஒருவரை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அரிசிப் பையை இருக்கையின் முதுகில் மாட்டிக்கொண்டு மேடு ஏறுவதும் அதே அளவு ஆபத்து. பையை முன்கூடையில் வையுங்கள், அதுவும் கூடைக்குச் சொன்ன எடைக்குள்.

கொள்ளிடத்தை ஒட்டிய எங்கள் ஊர்களில் வெள்ளத்துக்குப் பயந்து வீடுகளை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அங்கே சாய்தளம்தான் பெரிய பிரச்சினை. கட்டட விதிகளில் சக்கர நாற்காலிக்குச் சொல்லப்படும் சாய்வு 1-க்கு 12. அதாவது ஒன்றரை அடி உயரமுள்ள வாசலுக்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கொத்தனார் வழக்கமாகப் போடுவது பைக் ஏற்றுவதற்கான நான்கு அடிச் சரிவு. கோணத்தில் சொன்னால் 20 பாகைக்கு மேல். இவ்வகை ஸ்கூட்டர்களின் கையேடுகள் பெரும்பாலும் 6 முதல் 10 பாகைக்குள்தான் அனுமதிக்கின்றன. 18 அடிக்கு இடமில்லையா? வண்டியைத் தாழ்வாரத்தில் அல்லது கொட்டகையில் நிறுத்திவிட்டு, படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடுவது மேல். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்.

எங்கள் சாலைகள்

சிதம்பரம் - காட்டுமன்னார்கோயில் சாலை குமராட்சி வழியாகத்தான் போகிறது. பேருந்துகள், மணல் லாரிகள், கரும்பு டிராக்டர்கள். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் தரையோடு தரையாகப் போகும் ஒரு வண்டிக்கு அந்தச் சாலையில் இடமில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதைக் குறுக்கே கடக்க நேர்ந்தால், வளைவில் அல்லாமல் இருபுறமும் தெரியும் இடத்தில், சாலைக்கு நேர் செங்குத்தாகக் கடக்க வேண்டும். மணிக்கு 6 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர். 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 4 நொடிக்கு மேல் ஆகும். புறப்படும் தாமதத்தையும் சேர்த்தால் 6 நொடி. அந்த 6 நொடியில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து 100 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். 'பஸ் தூரத்தில்தானே வருகிறது' என்ற கணக்கு இங்கு உதவாது. லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கையின் பின்னால் ஐந்தடி உயரத்தில் ஒரு ஆரஞ்சுக் கொடி, பின்புறம் ஒளிரும் பட்டை இரண்டும் அவசியம்.

அடுத்தது அறுவடைக் காலம். தை, மாசியில் சம்பா நெல்லைச் சாலையிலேயே காய வைப்பார்கள். பின்னர் உளுந்தும் பயறும் செடியோடு சாலைக்கு வரும், வாகனங்கள் ஏறி உதிர்ப்பதற்காக. இந்த வண்டிக்கு பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். நெல்மணிகளின் மேல் சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வைக்கோலோ அச்சில் சுற்றி மோட்டாரை இறுக்கும். சுற்றிப் போக வழியில்லை என்றால் நெல் உலர்த்துபவரிடம் சொல்லி ஒரு பாதை ஒதுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் யாரும் மறுத்ததில்லை.

வேகத்தடைகள் இன்னொரு தலைவலி. இந்திய சாலைக் காங்கிரஸ் அளவின்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாய், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஊருக்குள் நாம் காண்பது ஒரு கட்டை விழுந்தது போன்ற குறுகிய மேடு. சிறிய ஸ்கூட்டர்களின் அடிப்பாகம் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். சாய்வாக ஏறினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நேராக, மெதுவாக ஏற வேண்டும். அடி தட்டும் என்று தெரிந்தால் ஏறவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே விதி: தண்ணீருக்கு அடியில் தரை தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். மோட்டாரும் கன்ட்ரோலரும் சாரலைத் தாங்கும், முழுகினால் தாங்காது. நனைந்துவிட்டால் நன்கு உலரும் வரை சார்ஜரைச் செருகாதீர்கள்.

யார் ஓட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டு விதிகளே இவ்வண்டிகளை நடைபாதைக்கு 4 மைல், சாலைக்கு 8 மைல் என்று வேகத்தால் பிரித்துவிட்டன. சாலையில் ஓட்டுபவர் 12.3 மீட்டர், அதாவது 40 அடி தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும் என்றும் அங்கு எதிர்பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் இவற்றின் வேக வரம்பை மணிக்கு 10 கி.மீ.யிலிருந்து 6 ஆகக் குறைக்கும் முடிவு 2024-ல் எடுக்கப்பட்டது. அந்த 40 அடிப் பரீட்சையை நம் தெருவிலும் வைத்துப் பார்க்கலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிடாமல் வண்டி ஏறக் கூடாது. தூக்க மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் போகும் மாடலைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவருவதாக இருந்தால், பதிவு, உரிமம் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பீப் ஒலிகளும் ரேடியோ அலைகளும்

பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மெமரி சரியாகச் செருகாவிட்டால் பீப், பீப் என்று ஒலிக்கும் அல்லவா? இந்த வண்டியிலும் அதே முறைதான். சாவியைத் திருப்பியதும் கன்ட்ரோலர் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. கோளாறு இருந்தால் ஒரு விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னும், அல்லது பீப் ஒலிக்கும். எத்தனை முறை என்றால் என்ன கோளாறு என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கூடையில் வையுங்கள். லீவரை அழுத்தியபடி சாவியைத் திருப்பினாலும் பெரும்பாலான வண்டிகள் ஓட மறுத்து எச்சரிக்கும். இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. மெக்கானிக்கிடம் கொடுத்து இதை 'சரி' செய்யாதீர்கள்.

1990-களில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ரேடியோ அலைகளால் மின் சக்கர நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் தாமாக நகரக்கூடும் என்று ஆராய்ந்து, எச்சரிக்கை வாசகம் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களிடம் சொன்னது. இப்போதைய கன்ட்ரோலர்கள் இதற்கெனச் சோதிக்கப்பட்டே வருகின்றன. ஆனாலும் திருவிழாப் பந்தோபஸ்தில் வாக்கி-டாக்கி வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் வண்டியை உயிரோடு வைத்திருக்க வேண்டாம். செல்போனில் பேசுவதானால் ஓரமாக நின்று, சாவியை அணைத்துவிட்டுப் பேசட்டும்.

பேட்டரி

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அது சாலையில் ஓடும் இரு சக்கர வண்டி. அதன் பின்னர் அத்தகைய வாகனங்களின் பேட்டரிகளுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் முதியோர் ஸ்கூட்டரை அந்த விதிகளின்படி யாரும் சோதித்து அனுப்புவதில்லை. எனவே நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியானால் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டு, வாசல் கதவோரம் செய்யாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியை ஆறவிட்டுச் செருகுங்கள். கூட வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். சிங்கப்பூர் வண்டியின் சார்ஜர் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றது, பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவிலிருந்து வந்ததானால் லேபிளைப் படியுங்கள். 110 வோல்ட் மட்டும் என்று இருந்தால் செருகிய கணமே கருகிவிடும்.

ஈய-அமில பேட்டரியின் குணம் வேறு. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியானால் சேமிப்பு 840 வாட்-ஹவர். வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். செலவைப் பார்த்து மிச்சம் பிடிக்க வேண்டிய விஷயமே அல்ல. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் முழுதாக ஏற்றுங்கள், 8 முதல் 12 மணி நேரம் ஆகும். காலியாகவே கிடந்தால் கெட்டுப்போகும். அளவுகாட்டியை வண்டி ஓடும்போது, அதுவும் மேடேறும்போது பாருங்கள். நிற்கும்போது முழுதாகக் காட்டும் முள், பழைய பேட்டரியில் பாரம் ஏறியதும் சரிந்துவிடும். அப்படிச் சரிந்தால் பாதி வழியில் நிற்கும் நாள் தூரமில்லை.

மாற்றும் நேரம் வந்தால் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். விற்கும் கடைகளில் அதே அளவு பேட்டரி கிடைக்கும், விலையும் குறைவு. தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ ஒரு முறை சில நிமிடங்கள் உதவுவதற்காகச் செய்யப்பட்டது. தினமும் ஆழமாக இறங்கி ஏறும் இந்த வேலைக்கு 'டீப் சைக்கிள்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனியில், ஒரே தயாரிப்பு மாதத்தில் பார்த்து மாற்றுங்கள். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.